புரட்டாசியில் தொடங்கும் வகுப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்காவின் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஒரு வருடம். வீட்டில் எழுத வேண்டியவன் நான்தான். பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது பூதலூருக்குத் தெற்கே எங்கள் ஊரில், நாங்கள் இப்போது இருக்கும் இதே வீட்டில். அப்பாவுக்குச் சொந்த நிலம் இரண்டு ஏக்கர், குத்தகை மூன்று ஏக்கர். எல்லாம் நெல். அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவர். எட்டு வரை உள்ளூர்ப் பள்ளி. பிறகு தினமும் ரயிலேறித் தஞ்சாவூரில் பன்னிரண்டு வரை. படிப்பில் அவர் முதல், நான் கடைசி. அதற்காக வீட்டில் யாரும் எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பேசியதில்லை.

பன்னிரண்டு முடித்ததும் பூதலூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டார். முதலில் ஆங்கிலம் கேட்டிருந்தார். இரண்டாவதாக ஜெர்மன். கிடைத்தது இரண்டாவது. அப்பா அதை ஊரில் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. "இங்கிலீஷ் தீந்துபோச்சாம். ஜெர்மன்தான் இருந்துச்சாம்" என்றார். யூரியா இல்லை, வேறு உரம் வாங்கி வந்தேன் என்பது மாதிரி. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஜெர்மன் படித்தால் இன்ஜினியராகத்தானே வரும் என்று கேட்டார். அப்பாவுக்கும் தெரியாது. வரும் வரும் என்று சொல்லிவிட்டார்.

வந்தது வேறு. அந்தப் பாஷையில் பொருளுக்கெல்லாம் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று உண்டாம். முதல் விடுமுறைக்கு வந்தபோது அக்கா சீட்டு எழுதி வீடு முழுக்க ஒட்டினார். கதவில், அம்மியில், நெல் அளக்கும் மரக்காலில், அரிசி டின்னில். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அரிசி டின்னைக் காட்டி, "இது என்னடி, ஆம்பளையா பொம்பளையா?" என்றார்.

"ஆம்பளைம்மா."

"அதான் வேகவே மாட்டேங்குது" என்றார் அம்மா.

அக்கா இன்னொன்றும் சொன்னார். அங்கே நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே பெயராம். ரைஸ். இங்கிலீஷில் சொல்வது போலவேதான். அப்பா நம்பவில்லை. அறுக்கும்போதும் அதே பெயர், தின்னும்போதும் அதே பெயரா என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றதும், "பாவம்" என்றார்.

முதல் வருடம் வீட்டைப் பற்றி அக்கா எழுதிய கட்டுரையில் அப்பா விதைத்ததும் அம்மா வடித்ததும் ஒரே சொல்லாக வந்துவிட்டது. பேராசிரியர் அம்மா அவரைக் கூப்பிட்டு, உன் அப்பா சோற்றையா விதைக்கிறார் என்று கேட்டாராம். வகுப்பே சிரித்தது. ஆனால் பேராசிரியர் அம்மா சிரிக்கவில்லை. இதையே நீ படிக்கலாமே என்றார். ஜெர்மன்காரர்கள் ரொட்டிக்கு ஏகப்பட்ட பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் நெல்லுக்கு வைத்திருக்கிறோம். ஒரு சனம் எதைத் தின்கிறதோ அதை எப்படிப் பேசுகிறது என்று இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அந்த ஊருக்கே போய் இரண்டு வருடம் மேற்படிப்புப் படிக்க வேண்டும். அன்றிலிருந்து அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான். வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

மூன்று வருடப் படிப்பை முடித்துவிட்டு வந்தார். ஆடி மாதம் ஜெர்மனியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தது. உதவித்தொகையோடு. வகுப்பு புரட்டாசிக் கடைசியில் தொடங்கும்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு நிலம் உண்டு. புரட்டாசி என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பா நடவு. அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் கதவு திறக்கிற மாதமும் அதுதான். எல்லா வருடமும் அதுதான்.

அந்த ஆவணியில் அப்பா நாற்றங்காலில் விழுந்தார். வாதம். இடது கை, கால் வரவில்லை. நான் குவைத்தில் கம்பி கட்டும் வேலையில் இருந்தேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம். போனில் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, இந்த ஒரு போகம் மட்டும் பாத்துக்க. நான் வந்துடறேன்."

"சரிடா" என்றார்.

அடுத்த வருடம் என் ஒப்பந்தம் முடிந்தது. வந்திருக்கலாம். நானே கேட்டு நீட்டித்துக்கொண்டேன். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனி விடவில்லை என்றுதான் சொன்னேன்.

அக்கா விவசாயம் கற்றுக்கொண்டார். ஆள் கூப்பிட, முறைத் தண்ணீர் பாய்ச்ச, பயிர்க் கணக்குக்கு அடங்கல் வாங்க, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு நாள்கணக்கில் காத்திருக்க. நடவுக்கு வருகிற பெண்கள் அவருக்கு ஜெர்மன்காரி என்று பெயர் வைத்தார்கள். நாற்றுக் கட்டுகளை, எங்கள் ஊரில் முடி என்போம், அக்கா ஜெர்மனில் எண்ணிப் போடுவார். அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "அய்ன்சு, சுவை, திரை. இன்னும் ரெண்டு முடி போடு ஜெர்மன்காரி, மேக்குப் பக்கம் பத்தல" என்பார்கள். அந்தப் பாஷையில் எண்ணத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் அந்த ஏழெட்டுப் பேர்தான்.

வீட்டில் போனுக்கு டவர் கிடைக்காது. வாய்க்கால் மதகில்தான் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மதகுக் கட்டையில் உட்கார்ந்து பேராசிரியர் அம்மாவுடன் ஜெர்மன் பேசுவார். மறந்துவிடக் கூடாது என்று. பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடும். அதற்கு மேல் கத்த வேண்டும். அந்த வழியாகப் போன பங்காளி வீட்டுச் சித்தி ஒரு நாள் நின்று, யாரோடு சண்டை என்று கேட்டார்.

"சண்டை இல்ல சித்தி. நம்ம பாஷை மாதிரி இதுலயும் பல எடத்துல வினைச்சொல்லு கடைசியிலதான் வரும். அதுவரைக்கும் மூச்சு புடிக்கணும்."

மூன்றாம் வருடம் அப்பா இறந்தார். நான் வந்தேன், காரியம் முடிந்ததும் போய்விட்டேன். அதற்கு அடுத்த வருடம் அக்கா மறுபடி மனுப் போட்டார். மறுபடி கிடைத்தது. அம்மா கிணற்றடியில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து படுத்தார். நான் போன் செய்தேன். சொன்னதும் அதேதான், ஒரு வார்த்தை மாறவில்லை. வரவில்லை என்று அக்கா மதகில் உட்கார்ந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பினார். பிறகு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார் என்று அம்மா சொன்னார்.

மணம் பேசி இரண்டு மூன்று இடம் வந்தது. ஒரு மாப்பிள்ளை ஜெர்மனில் ஏதாவது பேசிக் காட்டச் சொன்னார். அக்கா பேசினார். என்ன சொன்னாய் என்று அம்மா பிறகு கேட்டதற்கு, "காப்பி ஆறுது, குடிங்கன்னேன்" என்றார். எதுவும் அமையவில்லை. படிப்பு முடியட்டும் என்பார். மாமாவுக்குக் கோபம் வரும். எந்தப் படிப்பு, வரப்பில்தானே நிற்கிறாய் என்று ஒரு தடவை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மாமாவுக்கு வருத்தம் வேண்டாம். அவர் வாயால் கேட்டார், நாங்கள் எல்லோரும் அதைத்தான் நினைத்தோம்.

அக்காவின் பாஸ்போர்ட் ஒரு முத்திரையும் விழாமல் பத்து வருடம் முடிந்து காலாவதியானது. திருச்சிக்குப் போய்ப் புதுப்பித்து வந்தார்.

நான் குவைத்தை முடித்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கலியாணம் ஆனது. அடுத்த வருடம் அக்கா மூன்றாம் முறை மனுப் போட்டார். ஆடியில் கடிதம் வந்தது. விசாவும் வந்தது. பெட்டி வாங்கினார். கம்பளிச் சட்டை ஒன்று பேராசிரியர் அம்மா அனுப்பியிருந்தார். இங்கே போட்டுப் பார்த்தால் வேர்க்கும், ஆனாலும் போட்டுப் பார்த்தார்.

அந்த வருடம் கடைமடையில் இல்லாத எங்களுக்கே தண்ணீர் தாமதம். நடவு ஆள் கிடைக்கவில்லை. நான் அக்காவிடம் போனேன். இந்தத் தடவை போனில் இல்லை, நேரில்.

"நடவு முடிஞ்சு போயேன்க்கா."

"நடவு முடியறப்ப அங்க வகுப்பு ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆயிருக்கும்டா."

"ஒரு மாசந்தானே. பின்னால நட்டா வெளையாமயா போவுது? கேட்டுப் பாரு, இருக்கச் சொல்லுவாங்க."

படிப்பையும் நான் நடவு மாதிரிதான் நினைத்தேன். பிந்தினால் மகசூல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று. அக்கா கேட்டு எழுதினார். இன்ன தேதிக்குள் வராவிட்டால் இடம் இல்லை என்று பதில் வந்தது. அதை எனக்குப் படித்துச் சொன்னார். போ என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பார். என் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரவேண்டும் என்று நின்றார். இரண்டு நாள் நின்றார்.

ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒரு வருடமாக யோசிக்கிறேன். என் உடம்பு நன்றாக இருந்தது. நிலம் அஞ்சு ஏக்கர்தான். அம்மாவை என் மனைவி பார்த்துக்கொள்வதாகத்தான் சொன்னாள். எனக்குப் பயம். அவ்வளவு வருடம் வெளியில் இருந்துவிட்டு வந்தவன். ஆள் கூப்பிடத் தெரியாது. அதிகாரியிடம் பேசத் தெரியாது. அக்கா இல்லாமல் அந்த வரப்பில் நான் ஒருவனாக நிற்கப் பயம். அதை ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் வரவில்லை என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் அக்கா பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு நாற்றுப் பறிக்க ஆள் சொல்லப் போனார்.

அடுத்த வருடம் சம்பாவில், கார்த்திகை மாதம், அக்காவுக்கு மார்பில் கட்டி தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மாசியில் தஞ்சாவூர் மருத்துவமனையில் டாக்டர் அம்மா எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். அக்கா மாதத்தைச் சொன்னார். இவ்வளவு படித்தவர் ஏன் உடனே வரவில்லை என்று கேட்டார்.

"அறுப்பு முடியட்டும்னு இருந்தேன்."

நான் பக்கத்தில் நின்றேன். யார் பேச்சு அது என்று எனக்குத் தெரியும்.

பதினாறு மாதம் வைத்தியம். முடி போனது, எடை போனது. அக்கா அழுது நான் பார்க்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே நெல் பற்றிய சொற்களை எழுதினார். விதைநெல்லில் தொடங்கி நாற்று, தூர், பால் பிடித்தல், கதிர், பதர், அரிசி, நொய், சோறு, பழையது வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஜெர்மனில் விளக்கம். நடவுப் பெண்கள் பார்க்க வந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுவார். மூன்று நோட்டு ஆனது. அவற்றைப் பேராசிரியர் அம்மா எடுத்துச் சென்றிருக்கிறார். அக்கா அங்கே போய்ப் படிக்க நினைத்ததில் அது பாதியாவது ஆகுமா என்று கேட்டேன். கால்வாசி என்றார். உண்மையைச் சொன்னதற்கு அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆனி மாதம், மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டிய வாரம், காலையில் அக்கா காலமானார். வயது முப்பத்து நான்கு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. பெயர் போட்டால் யாராவது விட்டுப்போய் மனம் நோகும். மருத்துவமனைக்குப் போகவர வண்டி கொடுத்தவருக்கும், இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், அம்மாவை முறை வைத்துக் குளிப்பாட்டிய நடவுப் பெண்களுக்கும், தெரியாத ஊருக்கு இரண்டு நாள் ரயிலில் வந்து எங்களோடு நின்ற பேராசிரியர் அம்மாவுக்கும், எல்லாச் செலவுக்கும் அலைச்சலுக்கும் முன்னால் நின்ற மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அச்சகத்தில் மாதிரி காட்டினார்கள். அதில் 'குடும்பத்திற்காகத் தன்னையே தியாகம் செய்தவர்' என்று ஒரு வரி இருந்தது. நன்றாக இருக்கும், போடுங்கள் என்றார்கள். எடுத்துவிடச் சொன்னேன். அக்கா எதையும் தியாகம் செய்யவில்லை. போக வேண்டும் என்று மூன்று தடவை கேட்டார். நாங்கள் விடவில்லை. அக்காவுக்கு நன்றி என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. கொடுத்தவருக்குத்தான் நன்றி சொல்லலாம். நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கடைசி வாரம் ஒரு மத்தியானம் வீட்டில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அப்போதுதான் சொன்னேன்.

"ஒன்னைப் போவ விட்டிருக்கணும்க்கா."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். எப்போதும் சொல்கிறவர்தான்.

"ஆமாடா. விட்டிருக்கணும்" என்றார்.

பிறகு தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார். வைத்தேன்.

இப்படிக்கு,
தம்பி