திருடி வைத்தால் வேர் பிடிக்கும்

என் மகள் இறந்தபோது அவளுக்கு இன்னும் உட்காரத் தெரியாது. காய்ச்சல். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வீடே இல்லை. பிள்ளை போனது மட்டும் எங்கள் வீட்டில். ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவினார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. எங்கே புதைத்தீர்கள் என்று என் கணவரைக் கேட்டேன். "அதெல்லாம் ஏன் கேக்கிற" என்றார். மறுநாளும் கேட்டேன். அதே பதில். அதற்குப் பிறகு நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பாயில் படுத்துக்கொண்டேன்.

அழவும் இல்லை. வந்து போனவர்கள் எல்லாரும் என்னை அழவைக்கப் பார்த்தார்கள். வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது போல, அழுதால் இறங்கிவிடும் என்று அவர்களுக்கு எண்ணம். எனக்கு அழுகை வரவில்லை. சோறும் இறங்கவில்லை. முடி மட்டும் கொத்துக்கொத்தாக இறங்கியது.

மாதங்கள் போயும் நான் எழுந்திருக்காததைப் பார்த்து என் கணவர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்கார டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு மருந்து கட்டுகிற டிரெசரிடம் ஏதோ சொன்னார். டிரெசர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். "மருந்து ஒன்னும் வேணாமாம். தோட்ட வேலை செய்யச் சொல்றாரு. மண்ணத் தொட்டா மனசுக்கு நல்லதாம்."

என் அப்பா கிள்ளான் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஆயுசு முழுக்க மண்ணைத் தொட்டவர். அவர் மனசு நன்றாக இருந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் டாக்டரிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது.

என் கணவர் ரயில்வேயில் சிக்னல் வேலை. உத்தரவு என்றால் உத்தரவு. அன்று மாலையே மண்வெட்டி வந்துவிட்டது. சீனன் தோட்டத்திலிருந்து ரோஜாவும் மல்லிகையும் மண்ணெண்ணெய் டின்னில் வந்தன. வண்டிக்கு நேரம் குறிப்பது போலக் காலையும் மாலையும் தண்ணீருக்கு நேரம் குறித்தார். நானும் சொன்னபடி ஊற்றினேன். எல்லாம் செத்தன. எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் நான் ஒருத்திதான் வாடிக்கிடக்கிறேன் என்ற பேச்சாவது நின்றது.

பக்கத்து வீட்டில் எஞ்சின் ஃபயர்மேன் குடும்பம். அந்த அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், ஒரு பொய் சொல்லிவிட்டால் உடனே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர். வேலிக்கு மேலே எட்டி என் டின்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காசு குடுத்து வாங்குன செடி எங்க புள்ள நிக்கும்? கேட்டு வாங்குனாலும் நிக்காது. யாருக்கும் தெரியாம ஒடிச்சிட்டு வந்து வைக்கணும். அப்பத்தான் வேர் பிடிக்கும். எங்க வீட்டுல இருக்கறதுல ஒன்னுகூட எங்களுது இல்ல."

சோற்றுக்கு உப்புப் போடு என்று சொல்வது போலத்தான் சொன்னார். இது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். எனக்கும் தெரியும். என் கணவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

முதலில் எடுத்தது கற்பூரவல்லி. லயத்தின் கடைசி வீட்டு வாசலில் புதராக இருந்தது. மத்தியானம், ஆண்கள் எல்லாம் வேலையில். குனிந்து ஒரு கிளையை ஒடித்து முந்தானையில் சுருட்டினேன். அப்போது என் நெஞ்சு அடித்தது எனக்கே கேட்டது. அது இன்னும் வேலை செய்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது.

முதல் திருட்டுக்குக் கற்பூரவல்லியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. வாசனை ஊரைக் கூட்டும். குழாயடியில் அந்த வீட்டுக்காரியே எதிரே வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன, சளியா?"

"ஆமாக்கா. விடவே மாட்டேங்குது."

வீட்டை விட்டு வெளியே ஓர் ஆளிடம் நான் பேசி எவ்வளவு காலமாகியிருந்தது. அந்த முதல் பேச்சும் பொய். கிளையை நட்டேன். இரண்டு வாரத்தில் துளிர் விட்டது.

அதன் பிறகு நிற்கவில்லை. திருடுவதற்கு நடக்க வேண்டும், நடந்தேன். செடி இருக்கிற வீட்டில் சும்மா போய் நிற்க முடியாது, பேச்சுக் கொடுக்க வேண்டும், கொடுத்தேன். அவர்கள் மாமியாரைப் பற்றிச் சொல்லும்போது என் கை பின்னால் கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அலைந்து வந்தால் பசித்தது. சாப்பிட்டேன். செம்பருத்தி, கனகாம்பரம், வெற்றிலைக் கொடி என்று வாசல் நிறைந்தது.

ஒரே ஒருவரிடம்தான் தோற்றேன். தபால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, யாழ்ப்பாணத்து அம்மா. நந்தியாவட்டையை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "எத்தினை வேணுமெண்டாலும் கொண்டு போ பிள்ளை" என்று அவரே வெட்டிக் கையில் கொடுத்தார். கெட்டது காரியம். மரியாதைக்கு வாங்கிக்கொண்டு, வாசல் படலையைத் தாண்டும்போது இன்னொன்றை ஒடித்துக்கொண்டேன். இரண்டையும் அருகருகே நட்டேன். கொடுத்தது செத்தது, திருடினது பிழைத்தது. சத்தியமாக. கொடுத்ததற்குத் தண்ணீர் கொஞ்சம் குறைவாக ஊற்றியிருக்கலாம். அது வேறு விஷயம்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். தோட்ட வேலையை விடாமல் செய்யச் சொன்னார். நான் சரி என்றேன். என் கணவர் தாம் வாங்கிவந்த மண்வெட்டியால்தான் எல்லாம் என்ற முகத்தோடு நடந்தார்.

உடம்பு தேறியது உண்மை. மற்றது தேறவில்லை. சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு செடியும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை எந்த இடத்தில் கிடக்கிறாள் என்று தெரியாது. பெற்றவள் நான். கால் கழுவிவிட்டு வந்த நாலு ஆம்பிளைகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்தக் கோபம் மட்டும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது.

பிறகு அகப்பட்டேன். மத்தியானச் சோறு கொண்டுபோன இடத்தில், ஸ்டேஷன் பாத்தியில் கல்வாழை சிவப்பாக நின்றது. கிழங்கோடு ஒன்றைப் பிடுங்கினேன். நிமிர்ந்தால் சிக்னல் அறை ஜன்னலில் என் கணவர்.

ரயில்வே பென்சில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். இரவுச் சோற்றைப் பாதியில் வைத்தார்.

"அது கவர்மெண்டு செடி."

"தெரியும்."

"கவர்மெண்டு சம்பளத்துலதான் சாப்பிடுறோம்."

"அதான் அதுவும் நல்லா வளந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. வாசலைக் காட்டி, "இதெல்லாமா?" என்றார். எல்லாம்தான் என்றேன். அக்கா சொன்னதையும் சொன்னேன். நிறுத்து என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறுபடி பாய்க்குத்தான் போயிருப்பேன். மிரட்டல் இல்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் நிறுத்து என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கை கழுவப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசாருக்கு மீன் வாங்கப் போனவர் நேரம் கழித்து வந்தார். மீனைக் காணோம். துண்டில் எதையோ சுற்றி என்னிடம் நீட்டினார். பிரித்தேன். நித்தியகல்யாணி. வேரோடு, மண்ணோடு. எங்கள் ஆட்கள் அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள். வாசலில் வைக்க மாட்டார்கள். இடுகாட்டிலிருந்து ஒரு குச்சியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"யாரையும் கேக்கல," என்றார். "தெரியாமத்தான் எடுத்தேன்."

நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஆற்றோர மேடு, மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்துக்குப் போகிற பாதையை ஒட்டி, தனியாக நிற்கிற பலாமரத்துக்குக் கிழக்கே. "வாராவாரம் போயி புல்லப் புடுங்கிட்டு வருவேன். இது தானா முளைச்சிச்சு. இத மட்டும் புடுங்க மனசு வரல."

அப்போதுதான் அழுதேன். மண்ணைத் துண்டோடு மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். பிறகு இருவருமாகக் குழி தோண்டினோம். வாசலுக்கு நேரே, எல்லாச் செடிக்கும் முன்னால் வைத்தோம்.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னா புள்ள, இதப் போயி வாசல்ல வச்சிருக்க? யாரு வீட்டுல எடுத்த?"

"என் மக வீட்டுலக்கா."

அக்கா வேலியை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தண்ணி ரொம்ப ஊத்தாத," என்றார். "அதுக்கு ஆவாது."