அழும் பிள்ளையைத் தொடக் கூடாது

மழலையர் கல்வியில் பட்டம் படிக்க வந்தால் முதலில் பழக வேண்டியது பாட்டும் பொம்மையும் அல்ல. பிள்ளை அழும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான். கூடப் படித்துக் கஷ்டப்படும் உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூலை நாற்காலி

இரண்டாம் ஆண்டில் அப்சர்வேஷன் பயிற்சிக்காக எனக்குக் கிடைத்தது செக்காலையில் ஒரு நர்சரிப் பள்ளி. பார்க்க வேண்டும், எழுத வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, பிள்ளைகளைத் தொடக் கூடாது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே வியர்த்துவிடும் எனக்கு இது வரமாகவே பட்டது. மூன்று வயதுப் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றை மூலையில் போட்டு, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தேன். தரையைக் கூட்டிக்கொண்டே வந்த ஆயாம்மா விளக்குமாற்றை நிறுத்தினார். "டீச்சரு, அங்குட்டுத் தள்ளி உக்காருங்க. இப்படி அசையாம இருந்தீகன்னா உங்களையும் சேத்துக் கூட்டிருவேன்."

துப்பட்டா நுனி

அந்த வகுப்பில் கவின் என்று ஒரு பையன். காலையில் பள்ளி கேட்டில் அழ ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். மதியத்துக்குள் பள்ளியிலிருந்து போன் போகும். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவன் அம்மா ஓடி வந்து கூட்டிப் போவார். இப்படியே போனால் வேலைக்கே வர வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள், பிஸ்கட் நீட்டியவர்களையும் சாவிக்கொத்தை ஆட்டியவர்களையும் தாண்டி வந்து, என் நாற்காலிக் காலோடு சாய்ந்து உட்கார்ந்தான். அவனை எதுவும் கேட்காமல் இருந்தது நான் ஒருத்திதான். என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டான். அழுகை நின்றது. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்ப போனே வரல டீச்சர். கடையில இப்பத்தான் உக்காந்து சோறு திங்கிறேன்."

எந்தக் கை

எங்கள் கல்லூரி மேடம் பார்வையிட வந்த அன்று சந்தோஷம் முடிந்தது. துப்பட்டாவையும் அவன் கையையும் பார்த்தார். அவன் பழக வேண்டியது வகுப்பு டீச்சரோடு, நான் போய்விடுகிறவள் என்றார். உண்மைதான்.

அடுத்த நாளிலிருந்து நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பு டீச்சர் பக்கம் நகர்த்தினேன். அவனும் நாற்காலியோடு நகர்ந்தான், டீச்சரிடம் போகவில்லை. கடைசி நாள் தைரியத்தைக் கூட்டி வாய் திறந்து கேட்டேன், நான் போன பிறகு இவனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று. டீச்சரின் இடுப்பில் ஒரு பிள்ளை. இன்னொன்று சேலையை இழுத்துக்கொண்டிருந்தது. "வச்சுக்கிறேன்மா. எந்தக் கையில வைக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

திருப்பத்தூர் பஸ்

சில வாரம் கழித்து, மானகிரிக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, திருப்பத்தூர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் கவினும் அவன் அம்மாவும் இருந்தார்கள். மடியில் பெரிய பை. நான் போன மறுநாளே அழுகை திரும்பிவிட்டதாம். போன் வந்தது, வேலை போய்விட்டது, பிறந்த ஊருக்கே போகிறார்கள்.

இப்போது அவனைத் தொட எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஜன்னல் வழியே கையை நீட்டினேன். அவன் அழவில்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் அம்மாவுக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "கோவிச்சுக்கிறாதீக டீச்சர். இப்பல்லாம் அவன் யாருகிட்டயும் போறதில்ல."

அந்தப் பயிற்சியில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான், கடைசிவரை பிள்ளையைத் தொடாமல் பார்த்தேன் என்பதற்காக.