தங்கை இடம் மாற்றிய பம்ப்

என் தங்கை அப்பாவின் மறுப்பை வென்று கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கார் கழுவும் வேலையிலிருந்து எஞ்சின் வரை முன்னேறினாள். ஒரு பழைய காரையும் வென்றாள்.

மேட்டில் நின்றுவிடும் அந்தக் காருக்குத் தலைமை மெக்கானிக் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் மின்சாரப் பம்பை இரண்டு முறை மாற்றியிருந்தார். தங்கை வெடிப்பு விட்ட பெட்ரோல் குழாய்களை மாற்றி, எஞ்சின் பக்கமிருந்த பம்பைப் பின்னால் டாங்கி அருகே தாழ்வாகப் பொருத்தினாள்.

"இந்தப் பம்புக்குப் பெட்ரோலைத் தள்ளத்தான் தெரியும், இழுக்க வராது அண்ணே" என்றாள் அவரிடம்.

"மேட்டுல வண்டி நின்னா நீதான் தள்ளணும். நாளைலேர்ந்து மறுபடி கார் கழுவணும்" என்றார் அவர்.

சோதனை ஓட்டத்தில் அக்காவான நான் பின்சீட்டில், பெட்ரோல் கசிகிறதா என்று மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்ரோல் வாடையே இல்லை. கார் மேட்டைத் தாண்டியதும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அதுவரை அவள் வேலைகளுக்கும் தானே கையெழுத்திட்ட தலைமை மெக்கானிக், பழுது பார்த்தவர் கையெழுத்திடும் வேலைச் சீட்டை அவளிடம் நீட்டினார். அதில் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 14 மார்ச் 1998.