வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

சாந்தாமணிக்கு நடக்க வேண்டும். அமெரிக்காவிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டு வருடம் டிரில் டீச்சராக இருந்தவள். காலையில் மைதானத்தில் நின்று ஒரு விசில் ஊதினால் நானூறு முதுகுகள் நிமிரும். கணவன் வாஞ்சிநாதனுக்கு டெக்சாஸில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, 1996-இல் டல்லாஸை ஒட்டிய இர்விங் நகரத்து அபார்ட்மென்ட் ஒன்றில் வந்து இறங்கியபோது, அவள் பாஸ்போர்ட்டில் இருந்த விசா அவளைக் 'கணவனைச் சார்ந்தவள்' என்றது. சார்ந்தவள் சம்பாதிக்கக் கூடாது. படித்த பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைக்க நம் ஊரில் மாமியார், நாத்தனார், ஜாதகம் என்று ஒரு பட்டாளமே வேண்டியிருக்கிறது. வல்லரசுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

சரி, நடக்கவாவது நடக்கலாம் என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சாலையில் நடைபாதையே இல்லை. புல்லில் நடந்தவளைப் பார்த்துக் கார்கள் நின்றன. கண்ணாடியை இறக்கி, "கார் ரிப்பேரா? எங்கேயாவது கொண்டுபோய் விடட்டுமா?" என்று பரிவோடு விசாரித்தார்கள். ஒரே வாரத்தில் ஐந்து பேர். அந்த ஊரில் காலால் நடப்பவர் ஒன்று ஆபத்தில் இருக்க வேண்டும், இல்லை ஆபத்தானவராக இருக்க வேண்டும். அதன் பிறகு அபார்ட்மென்ட் பார்க்கிங்கை நாற்பது சுற்றுச் சுற்றுவது அவள் வழக்கமாயிற்று. செக்கு மாடு சுற்றினால் எண்ணெயாவது மிஞ்சும்.

இரண்டு வருடம் இப்படிச் சுற்றியவள் கையில், நூலகத்தில் ஒரு படப்புத்தகம் கிடைத்தது. மேற்கு டெக்சாஸில் குவாடலூப் மலை தேசியப் பூங்கா. மாநிலத்திலேயே உயர்ந்த சிகரம் அங்கேதான். போக வர எட்டரை மைல், மூவாயிரம் அடி ஏற்றம்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள்.

"மலை ஏறப் போலாமுங்க."

"பழனிக்கா? இந்த வருஷம் லீவே இல்லையே."

"பழனி இல்லீங்க. இங்கயே."

"படி கட்டியிருக்காங்களா?" என்றான் வாஞ்சிநாதன். நல்ல மனிதன். கேள்விதான் இப்படிக் கேட்பான்.

திட்டம் முழுவதும் அவள் போட்டது. பூங்கா அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்து, தன் கோபி ஆங்கிலத்தில் ரேஞ்சரைக் குடைந்தாள். தலைக்கு நாலு லிட்டர் தண்ணீர். விறகோ கரியோ பற்ற வைக்கக் கூடாது, சின்ன கேஸ் அடுப்பு மட்டும். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை வாடகை வேனில் கிளம்பி, ஐந்நூறு மைல் மேற்கே போய்க் கூடாரம் அடித்து, சனிக்கிழமை மலையேறி, ஞாயிறு திரும்புவது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்து இரண்டு குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டாள்.

சேர்த்துக்கொண்டதுதான் வினை. பயணத்துக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டு ஹாலில் கூட்டம் கூடியபோது, திட்டம் மெல்லக் கை மாறியது. பத்மநாபன் அந்தக் கூட்டத்தில் மூத்தவர், பெரிய புராஜெக்ட் மேனேஜர். அவள் நோட்டை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, தானே தயாரித்த அச்சுத்தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

சாந்தாமணி வாசித்தாள். 'எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர்: மூன்று.'

"ஏனுங்க அங்கிள், அந்தக் கூடார எடத்துல கரண்டே இல்லீங்களே. குக்கரை எங்க சொருகறது, பாறையிலயா?"

அடுத்த வீட்டு நாகர்கோவில் மோசஸ் காபி புரையேறச் சிரித்து இருமினார். நர்ஸ் வேலை பார்க்கும் அவர் மனைவி கிருபாராணி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"மைனர் இஷ்யூ," என்றார் பத்மநாபன். "மேஜர் இஷ்யூ வேற. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். தெரிஞ்சே ஃபேமிலியோட போய் நிக்க முடியுமோ? சனிக்கிழமை கிளம்பலாம்."

"சனிக்கிழமை போனா சாயந்தரம்தானுங்க போய்ச் சேருவோம். மலை எப்ப ஏறறது?"

"ஞாயித்துக்கிழமை விடிகாலம்பற ஜென்ட்ஸ் மட்டும் ஃபாஸ்ட்டா ஏறி இறங்கிடறோம். லேடீஸ் கீழ சமைச்சு, டென்ட்டைப் பிரிச்சு ரெடியா வெச்சா, நேரா டிரைவ் பண்ணித் திரும்பிடலாம். மண்டே ஆபீஸ் இருக்கே."

சாந்தாமணி தாளின் கடைசி வரியைப் பார்த்தாள். 'ஹைக்கிங்: ஜென்ட்ஸ். குக்கிங், பேக்கிங்: லேடீஸ்.' சூலம் என்ற பேச்சு வருவதற்கு முன்பே அது அச்சாகியிருந்தது.

சாஸ்திரத்தின் சூட்சுமம் இதுதான். ராகு காலத்தில் பிரமோஷன் கடிதம் வந்தால் எவனும் திருப்பி அனுப்புவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மேற்கே ஃபோர்ட் வொர்த்துக்கு மீட்டிங் போகிறவன் காரை எந்தச் சூலமும் பஞ்சராக்கியதில்லை. ஒரு பெண் தனக்கென்று ஒரு நாளைக் கேட்கும்போதுதான் எட்டுத் திசையிலும் சூலங்கள் முளைக்கின்றன.

வாஞ்சிநாதனைப் பார்த்தாள். அவன் சீலிங் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தான். விட்டால் போயிற்று, மறுபடி பார்க்கிங், மறுபடி நாற்பது சுற்று.

"அங்கிள், நீங்க அமெரிக்கா வந்தது எந்தக் கெழமைங்க?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? பத்து வருஷமாச்சு."

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள் அனந்தலக்ஷ்மி. பத்மநாபனின் மனைவி, அதுவரை முறுக்குத் தட்டோடு சுவரோரம் இருந்தவள். "வெள்ளிக்கிழமை. அம்மா ஆத்துல விளக்கேத்திட்டு ஏர்போர்ட் வந்தா. ஏன்னா, மறந்துட்டேளா? மெட்ராஸ்லேந்து டல்லாஸ் வரைக்கும் மேற்கே மேற்கேன்னுதானே வந்தோம்?"



"அது... கம்பெனி டிக்கெட். அவா புக் பண்ணினது," என்றார் பத்மநாபன்.

"அப்பம் சூலத்துக்கும் ஹெச்.ஆர்.ல சொல்லி அப்ரூவல் வாங்கிரலாம் சார்," என்றார் மோசஸ். இந்த முறை கிருபாராணியே சிரிப்பில் சோபாவில் சாய்ந்துவிட்டாள். பத்மநாபனுக்கும் உதடு கோணியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் சாந்தாமணி எழுந்து நின்றாள். மைதானக் குரல் தானாக வந்தது.

"நான் வெள்ளிக்கெழமை போறேனுங்க. சனிக்கெழமை மலை ஏறுவேன். வேனை நானே ஓட்டுவேன், லைசன்ஸ் இருக்குது. யார் யார் வர்றீங்க?"

"எம் பேரை எழுது," என்றாள் கிருபாராணி. "டயாலிசிஸ் வார்டுல பன்னெண்டு மணி நேரம் நிக்கேன். இந்த மலை என்ன செய்யும்?"

"என் பேரையும்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

"உனக்கு முழங்கால் வலின்னு சொன்னியே?" என்றார் பத்மநாபன்.

"அது சமையக்கட்டுல நின்னா வர்ற வலி. மலைக்கு வருமான்னு போய்த்தான் பாக்கணும்."

வாஞ்சிநாதன் ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினான். "சப்பாத்தி நான் போடறேன்," என்றான். "முந்தின நாளே போட்டா தாங்கும்ல?"

பத்மநாபன் தன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார். அதற்கு மேல் அந்த மனிதரை நாம் வாட்ட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மேற்கே போனார்கள். வேன் ஓடியது. மறுநாள் விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். இரண்டாவது மைலில் வாஞ்சிநாதனும் பத்மநாபனும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, இங்கிருந்தே காட்சி நன்றாக இருக்கிறது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மற்ற நால்வரும் பைன் மரங்களைத் தாண்டி, ஒரு மரப்பாலத்தைத் தாண்டி, நாலு மணி நேரத்தில் உச்சியில் நின்றார்கள்.

காற்று உண்மையிலேயே ஆளைத் தள்ளியது. மோசஸின் தொப்பி நியூ மெக்சிகோ பக்கமாகப் பறந்தது. கீழே வெள்ளை வெளேரென்று உப்பு நிலம். அனந்தலக்ஷ்மி புடவைக்குப் பதிலாக மாட்டியிருந்த கணவரின் டிராக் பேன்ட்டை இடுப்பில் இழுத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

சாந்தாமணிக்குத் தொடை நடுங்கியது. உழைத்து நடுங்கும் கால். அதைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது.

"எறங்கலாமுங்களா ஆன்ட்டி?"

"இருடி," என்றாள் அனந்தலக்ஷ்மி. "இப்போதானே வந்தோம்."