பெடல் மிதிக்கும் கால்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவரின் வேலையில் பாதி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் "அசையாதீங்க" என்று சொல்வது. இதே வேலையில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், பதிலுக்கு நம்மிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஓசூருக்கு வந்த புதிதில் நாள் முழுக்க அந்த ஒரு சொல்லை மட்டுமே நான் பேசியதுண்டு.

ஊக்குகள்

மூக்கண்டப்பள்ளியிலிருந்து மஞ்சுளா அக்கா வந்தார். கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். சில மாதங்களாகத் தலைவலி. இடது கை மரத்துப்போகிறது, தெரிந்த பெயர்கள் மறக்கின்றன. முதல் ஸ்கேனில் மூளையில் சில புள்ளிகள் தெரிந்தன. ரத்தக் குழாய்ப் படம் மட்டும் சரியாக இருந்தது. ஆனால் அதில் தெரிவது உள்ளே ஓடும் ரத்தம்தான். குழாயின் சுவரே வீங்கியிருக்கிறதா என்று பார்க்க, மருந்து ஏற்றித் தனியாகப் படம் எடுக்க வேண்டும்.

தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தபடி சொன்னார்: "இதுலயும் ஒண்ணும் தெரியலைன்னா, நான் நடிக்கிறேன்னு கம்பெனில பேசுறதுதான் நெசமாயிடும் பாப்பா."

தாளம்

படம் கலங்கி வந்தது. குழாயின் சுவர் முடி போல மெல்லியது. தலை துளி அசைந்தாலும் தெரியாது. மைக்கில் இரண்டு முறை சொன்னேன். "அசையலையே" என்றார். மூன்றாவது முறை சொல்லப்போகும்போதுதான் திரையை விட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஸ்கேன் மெஷின் டக் டக்கென்று தட்டத் தட்ட, அவருடைய வலது பாதம் முன்னால் அழுந்தியது; அந்த அசைவு தலை வரை போனது.

நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அந்தப் பாதத்தைத் தொட்டேன். அக்கா சொன்னார்: "ஒன்பது வருஷமா பெடல் மிதிக்கிற காலு. மெஷின் சத்தம் கேட்டா அதும்பாட்டுக்கு மிதிக்கும். நீ பிடிச்சுக்கோ."

வளையம்

ஸ்கேனை ஓடவிட்டு, காதை அடைத்துக்கொண்டு, பாதத்தைப் பிடித்தபடி நின்றேன். யாரையாவது தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன். இந்த முறை படம் தெளிவாக வந்தது. குழாயைச் சுற்றி வெள்ளை வளையம். எங்கள் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும், எப்போதும் மெயிலில் மட்டும் பேசும் பெங்களூர் டாக்டர் போன் செய்து, சுவரில் அழற்சி இருப்பது போலத்தான் தெரிகிறது என்றார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்த சோதனையும் அதையே சொன்னது. மாத்திரைகள் தொடங்கினார்கள்.

சில மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தார். இடது கையாலேயே ஊக்குகளைக் கழற்றினார். படுக்கவைத்துவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் என் இடத்துக்குத் திரும்ப நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "கால் இப்ப மிதிக்காது பாப்பா. இருந்தாலும் வந்து பிடிச்சுக்கோயேன்."

நாள் முழுக்கத் தலைகளையே பார்க்கிற இந்த வேலையில், இந்த ஊரில் எனக்குப் பழக்கமானது ஒரே ஒரு கால்தான்.