அம்மா வண்டியில் உட்கார்ந்த விதம்

எங்கள் சொந்தத்தில் அம்மாவுக்குக் கெட்ட பெயர் வந்தது அவள் வண்டியில் உட்கார்ந்த விதத்தால்தான். மற்றபடி அவளைக் குறை சொல்ல யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை. எல்லாப் பெண்களையும் போல ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவள், எனக்கு எட்டு வயதான வருஷம் திடீரென்று சுடிதாருக்கு மாறினாள். இரண்டு பக்கமும் கால் போட்டு ஆண்பிள்ளை மாதிரி உட்கார ஆரம்பித்தாள். அது போதாதென்று செங்கல்பட்டுக் கடைத்தெருவெல்லாம் தேடி, தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டாள். நாங்கள் குடியிருந்த மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரிகளைப் பார்த்துப் பார்த்து இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே இருக்கும் எங்கள் சொந்த ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா ஆறடிக்கு மேல். கதவைத் திறந்துகொண்டு வந்தால் வெளிச்சம் மறையும். கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு விடுதியில் வாசல் காவலர்களுக்கு அவர்தான் தலைவர். அந்த வேலைக்கு அவர் காட்டிய ஒரே சான்றிதழ் அவருடைய உடம்பு. அவர் சும்மா நின்றாலே, குடித்துவிட்டுச் சலம்ப வருகிறவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மரியாதையாகத் திரும்பிவிடுவான் என்பார்கள். அந்த உடம்புக்குப் பொருத்தமாக ஒரு புல்லட். ஊருக்குப் போனால் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒரே கையால் அந்த வண்டியை இழுத்து நடு ஸ்டாண்டில் நிறுத்திக் காட்டுவார். பிள்ளைகள் கை தட்டுவோம். அவ்வளவு பெரிய வண்டி அவருக்கு அடங்கி நடப்பது அவர் பலசாலி என்பதால்தான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் அப்பாவின் தொடைகளில் சதை கரையத் தொடங்கியிருந்தது. நரம்பு டாக்டர் அந்த வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார், மருந்து கிடையாது என்றும் சொல்லிவிட்டார். தோளும் மார்பும் பழையபடியே இருந்ததால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கால்சட்டைக்குள் இருந்த கால்கள்தான் அவருடையவை போல இல்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. அன்று தெரிந்தவர்கள் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். விடுதியில் கேமரா அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று சீக்கிரம் காலியாகும், அதை அப்பாவுக்குத் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அது கைக்கு வரும் முன்னால் விஷயம் வெளியே போனால் எல்லாம் போச்சு. நிற்கவே முடியாத காவல்காரரை வைத்துக்கொண்டு யார் சம்பளம் தருவார்கள்? ஊரிலும் வாய் திறக்க முடியாது. பெரியப்பாவின் மகன் அதே விடுதியில் தோட்ட வேலை பார்த்தான். நல்லவன், ஆனால் ஓட்டை வாய்.

பஸ்ஸில் போய் வரலாமே என்று தோன்றலாம். பஸ் படியில் ஏறத்தான் தொடைக்கு நிறைய பலம் வேண்டும். புல்லட்டில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஓடுகிற வண்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நிறுத்தும்போதுதான் கால் ஊன்ற வேண்டும். விடுதி வாசலில் ஒரு சிமென்ட் மேடை இருந்தது, அதன்மேல் காலை வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வரும் நேரத்தில் வண்டியைப் பிடிக்க அம்மா தெருவில் நிற்பாள். மூன்று பேராகப் போனால், பின்னாலிருந்து அம்மா இரண்டு காலையும் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்வாள். நேராக நிற்கும்வரை அந்த வண்டியை ஒரு விரலால் பிடித்து நிறுத்தலாம். சாய ஆரம்பித்துவிட்டால் பயில்வானாலும் முடியாது. சுடிதாரும் தடிச் செருப்பும் அதற்காகத்தான் வந்தன. அம்மா குள்ளம். சாதாரணச் செருப்பில் அவள் கால் தரைக்கு எட்டாது.

ஆடி மாதம் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளன்று போயிருந்தோம். அம்மாவைப் பார்த்ததும் பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூழ் ஊற்றும் நாளில் வந்த மருமகளுக்குப் புதுப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள். அவள் அதைக் கட்டிக்கொண்டு, அம்மனுக்குப் படைத்த கூழை ஒரு தூக்குவாளியில் வாங்கி, வழியில் எங்கேயும் தரையில் வைக்காமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வைத்துவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அம்மா மஞ்சள் புடவையில் வந்து நின்றபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பழைய அம்மா திரும்பிவந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு புல்லட்டுக்கு வந்தது. அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், தானும் ஒரு புல்லட் வாங்கப்போவதாகச் சொன்னான். பெரியப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடா ஒடம்பு கீது ஒனக்கு? அது சாஞ்சா நீ அடியில கெடப்ப. அத்த அடக்க ஒன் சித்தப்பன மாரி ஆளு வேணும்."

அப்பா சிரித்தார். "அதெல்லாம் இல்லண்ணா. ஓடிகினு இருக்கசொல்ல வண்டிக்கு ஒல்லி குண்டுன்னு ஒண்ணும் தெரியாது. நிறுத்தும்போதுதான் தெரியும்."

அவருடைய அடக்கத்தைப் பார் என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். பிறகு வழக்கம்போல நடு ஸ்டாண்ட் போட்டுக் காட்டச் சொன்னார்கள். வயிறு முட்டக் கூழ் குடித்திருப்பதாகவும் அடுத்த தடவை பார்க்கலாம் என்றும் அப்பா நழுவினார். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அப்படி அவர் செய்ததே இல்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளம்பும்போது அப்பா சுவரைப் பிடித்தபடி வண்டியில் ஏறினார். என்னை முன்னால் டேங்க் மேல் உட்காரவைத்தார்கள். அம்மா கையில் கூழ்த் தூக்குடன் தயங்கி நின்றாள்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டுக்கறேங்க்கா. தூக்கு ஆடாம இருக்கும்" என்றாள்.

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். "பொடவ கட்டிகினு ரெண்டு பக்கம் கால் போடுவியா? தெருவே பாத்துகினு கீது. ஒழுங்கா ஒரு பக்கமா உக்காரு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உட்கார் என்பது போலத் தலையசைத்தார். அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். பெரியம்மா அவள் தலையில் பூ வைத்து, திருஷ்டி கழித்து அனுப்பினாள். அண்ணனுக்கும் மறுநாள் காலையில் வேலை இருந்ததால் அவனும் தன் வண்டியில் எங்களுக்குப் பின்னால் வந்தான்.

சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் தூரத்தில் தெரிந்தபோதே அது இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா வேகத்தைக் குறைத்தார். மேலும் குறைத்தார். கேட் திறக்கட்டும் என்று நடக்கிற வேகத்தில் வண்டியை இடதும் வலதுமாக வளைத்து ஓட்டிக்கொண்டே போனார். எனக்கு விளையாட்டாக இருந்தது, சிரித்தேன். முன்னால் தொழிற்சாலை லாரிகள், இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோக்கள். அதற்கு மேல் போக இடமில்லை. அப்பாவின் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. "கெட்டியா புடிச்சிக்கோ" என்றார். அம்மாவிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியாது.

வண்டி நின்றது. இடது காலை ஊன்றினார். முழங்கால் மடிந்தது. அம்மா தூக்கைப் போட்டுவிட்டுக் குதித்து வண்டிக்குத் தோள் கொடுத்தாள். அதற்குள் அது சாய்ந்துவிட்டது. நான் சாலையோர மண்ணில் போய் விழுந்தேன், முழங்கை சிராய்த்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கால் வண்டிக்கு அடியில் இருந்தது. கூழ் தார்ச் சாலையில் பழுப்பாக ஓடியது.

ஆட்டோக்காரர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

"எரும மாரி ஒடம்பு வச்சிகினு, கொழந்தைய முன்னால உக்கார வச்சி, குடிச்சிட்டு ஓட்டிகினு வரான் பாரு" என்றது ஒரு குரல்.

அப்பா குடிக்க மாட்டார். அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் ஓடிவந்தான்.

"சித்தப்பா, இன்னா ஆச்சி?"

அப்பா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஒண்ணுமில்லடா. கோயிலாண்ட பசங்க ஊத்திக் குடுத்தானுங்க. கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சி."

"வாணாம் வாணாம்னு சொன்னேன், கேட்டாரா?" என்று சொல்லி அம்மா ஓவென்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்த யாரும் மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை. அண்ணனுக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ச்சி. இத்தனை நாள் எட்டாத உயரத்தில் இருந்த சித்தப்பா தன்னுடைய குடிக்கிற செட்டில் வந்து சேர்ந்துவிட்டார் அல்லவா?

வண்டியைத் தானே ஓட்டி வருவதாக அவன் சொன்னான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கொழந்தைய இட்டுகினு வா. இவர நான் புடிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் புதுப் புடவையை முழங்கால்வரை வழித்துச் செருகிக்கொண்டு, ஆட்டோக்காரர்கள் புல்லட்டில் ஏற்றிவிட்ட அப்பாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். வழி நெடுக நான் அவர்களைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். செங்கல்பட்டில் வண்டி நின்ற இடங்களில் எல்லாம், நிற்பதற்கு முன்பே அம்மாவின் இரண்டு கால்களும் தரையில் இருந்தன. அவளுடைய ஆடுசதை எல்லாருக்கும் தெரிந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அண்ணன் மறுநாளே விடுதியெங்கும் சொல்லிவிட்டான். மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டித்தார், வயதாகிறது, இனியாவது அடங்கி இரு என்றார். பொங்கலுக்கு முன்பு கேமரா அறை நாற்காலி கிடைத்தது. நான் காலேஜ் முடிக்கும்வரை அப்பா அதில் உட்கார்ந்துதான் சம்பாதித்தார். கடைசிவரை ஊரில் அவர் பெயர் குடிகாரர்தான்.

அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் போனதும் பெரிய சண்டை நடக்கும் என்று சுவரோரமாக உட்கார்ந்து காத்திருந்தேன். எங்கள் தெருவில் குடித்துவிட்டு வரும் ஆண்களுக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு அத்துப்படி. அம்மா கதவைச் சாத்தினாள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர் கொண்டுவந்து அவர் கால்களுக்கு ஒத்தடம் கொடுத்துத் தேய்த்துவிட்டாள். அவர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள், இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள்.

குடித்துவிட்டுப் பெற்ற பெண்ணை ரோட்டில் தள்ளிய மனிதருக்குக் கால் பிடித்துவிடுகிறாளே, இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவை நான் மறுநாளே மன்னித்துவிட்டேன். அம்மாவிடம்தான் ரொம்ப நாள் பேசவில்லை.