ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொரித்த மீன்

அம்மா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேர் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். கட்டுரையை என்னை எழுதச் சொன்ன தம்பி, "நல்லதா நாலு வார்த்தை எழுதுக்கா. பழசையெல்லாம் கிளறாத" என்றான். நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். ஆனால் பழசைக் கிளறாமல் அம்மாவின் நல்லதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அம்மா பிறந்தது வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு சிற்றூரில். தாத்தா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். வீட்டில் பெண்கள் அதிகம், வருமானம் குறைவு. பத்தாம் வகுப்போடு அம்மாவின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த ஊரில் ஏரி மீன்தான் கிடைக்கும். கல்யாணமாகி மயிலாப்பூர் வந்த பிறகுதான் அம்மா கடல் மீனைக் கண்டார். வஞ்சிரத் துண்டில் மசாலா தடவி, ஊற வைத்து, தோசைக்கல்லில் பொறுமையாகத் திருப்பிப் போட்டு எடுப்பார். அந்தக் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு வெட்கமும் வரும், பெருமையும் வரும்.

வீடு மந்தைவெளிப் பக்கம், நீளமான பழைய வாடகை வீடு. முன் பகுதியில் அப்பாவின் அக்காவும் அவர் மகளும் இருந்தார்கள். பின் பகுதியில் நாங்கள். வாசல் ஒன்றுதான். எதை வாங்கி வந்தாலும் அத்தையின் கூடத்தைத் தாண்டித்தான் எங்கள் அடுப்படிக்குப் போக வேண்டும். அடுப்படிக்கு இருந்த ஒரே ஜன்னலும் அந்தக் கூடத்தைப் பார்த்தே திறக்கும். ஆரம்பத்தில் இதில் ஒரு சங்கடமும் இல்லை. ஜன்னல் வழியாகவே குழம்புக் கிண்ணம் போகும், வரும்.

அத்தை கணவரை இழந்தவர். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கைக்கு வந்த மொத்தப் பணத்தை என்ன செய்வது என்று தன் தம்பியான அப்பாவைக் கேட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. தி.நகரில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த ஒரு நிதி நிறுவனம், வங்கியைவிட அதிக வட்டி தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லாரும் நம்பிய காலம். அத்தை தயங்கினார்.

"அக்கா, நீ ஏன் பயப்படற? நான் பொறுப்பு" என்றார் அப்பா.

அப்போது இருவருக்கும் டீ கொண்டுபோய் வைத்தது அம்மா. "அந்த ரெண்டு வார்த்தைக்கு நானே டீ போட்டுக் குடுத்திருக்கேன் பாரு" என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். அப்போது சிரிக்கவில்லை.

அந்த வருடம் தை மாதம் நாங்கள் கே.கே. நகருக்குக் குடிபோவதாக இருந்தது. வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. தனி வாசல். அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். அம்மா இரண்டு தடவை போய் அந்த அடுப்படியில் நின்றுவிட்டு வந்தார். எந்தப் பாத்திரம் எந்தப் பலகையில் என்று வாயாலேயே அடுக்கிக்கொண்டிருந்தார். மார்கழி பிறப்பதற்குள் தி.நகர்க் கண்ணாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஏமாந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை.

அத்தை அழவில்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்பா எழுந்து, "நான் தரேன் அக்கா. ஒவ்வொரு மாசமும் தரேன்" என்றார். யாரும் கையெழுத்துப் போடவில்லை. சட்டப்படி அது கடனே இல்லை. ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் மற்ற எல்லாச் செலவும் இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது.

கே.கே. நகர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கி, முதல் தவணையாக அத்தையிடம் கொடுத்தார்கள்.

"நான் கேட்டேனா தம்பி?" என்று சொல்லிக்கொண்டே அத்தை வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொரு மாதமும் அதே வார்த்தைதான். அத்தை அதை அன்பாகத்தான் சொன்னார் என்று இன்று நினைக்கிறேன். அன்று அந்த வார்த்தை எங்களைக் கட்டிப்போட்டது. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீடு மாறும் பேச்சை அப்பா பிறகு ஒரு தடவை எடுத்தார். இன்னும் சின்ன வீடாக, வாடகை குறைவாக, நங்கநல்லூர்ப் பக்கம் போனால் மிச்சம் பிடிக்கலாம் என்றார். அம்மாதான் மறுத்தார். "இப்ப வீடு மாத்தினா என்ன பேசுவாங்க? குடுக்கவேண்டியதைக் குடுக்காம ஓடிட்டாங்கன்னுதானே? முடிச்சிட்டுத்தான் இந்த வாசப்படிய தாண்டணும்." எல்லாரையும்விட யார் அந்த வீட்டைவிட்டு வெளியேற ஆசைப்பட்டாரோ, அவரே போகக் கூடாது என்று சொல்லவேண்டி வந்தது.

அதற்கப்புறம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நடத்திய குடும்பம். பால் பாக்கெட் பாதியானது. இஸ்திரிக்காரர் வண்டி எங்கள் வாசலில் நிற்பதில்லை. கேபிள் டிவியைத் துண்டித்தார்கள். "நம்ம வீட்ல வந்து பாருங்க பசங்களா" என்று அத்தை கூப்பிட்டாலும் அம்மா எங்களை விடமாட்டார். குளிக்க வெந்நீர் கிடையாது, கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பில் ஒட்டவைத்துத் தருவார். காய்கறி வாங்கத் தண்ணித்துறை மார்க்கெட்டுக்குக் கடை கட்டும் நேரத்தில்தான் போவார். வாடியதைக் கூறு போட்டுக் கொடுப்பார்கள். மதிய நேரத்தில் பக்கத்து வீட்டுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்தார். அப்பா ஆபீஸ் முடிந்ததும் பாண்டி பஜாரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொடுமை வேறு. அத்தையின் கண்ணுக்கு எங்கள் செலவு தெரியக் கூடாது. உங்கள் கண்ணுக்கு எங்கள் சிக்கனம் தெரியக் கூடாது. கடன் விஷயம் வெளியே போனால் அப்பாவின் பெயர் கெடும் என்று அம்மா மூச்சு விடவில்லை. தன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அம்மா குறைவாக மொய் எழுதினார் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கும் வந்தது. கஞ்சம் என்றீர்கள். சொன்னவர்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதவில்லை. இப்போதாவது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு ஒரு மீன்காரம்மா வருவார். ரகசியம் என்பது அவருக்கு ஆகாத சமாச்சாரம். அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வாசற்படியிலேயே கூடையை இறக்கிக் குரல் கொடுப்பார்.

"இன்னாம்மா, வஞ்சிரம் கீது. நல்ல துண்டு. எடுத்துக்கோ."

"வேணாம்மா. நெத்திலி குடு போதும்."

"எத்தினி நாளா நெத்திலியே துன்னுக்கினு கீறீங்க! இன்னா, வூட்டுக்காரரு வேலைக்குப் போறாரா இல்லியா? துட்டு அப்பால குடு, எடுத்துக்கோன்றேன்."

"அவருக்கு வஞ்சிரம் ஒத்துக்கல" என்பார் அம்மா. அப்பாவுக்கு வஞ்சிரம் ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொய்யைத் தெருவே கேட்கும். நெத்திலியையும் குழம்பில்தான் போடுவார், பொரிக்க மாட்டார். பொரித்தால் வாசனை போகும்.

ஒரு நாள் மாமா, அம்மாவின் அண்ணன், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். நீண்ட நாள் கழித்துத் தங்கையைப் பார்க்க வந்தவர். "உன் கையால வஞ்சிரம் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஃபால்ஸ் தைத்த காசை எடுத்துக் கொடுத்து என்னை அனுப்பினார். மீன் வந்ததும் முதலில் ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தி, இடுக்கில் பழைய துணியை அடைத்தார். அந்தச் சின்ன அடுப்படியில் புகை மண்டி, கண் எரிந்து, இருமிக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டார்.

"அம்மா, மூச்சு முட்டுது. ஜன்னலத் தெறக்கட்டுமா?"

"தெறக்காத. அங்க அவங்க ரசம் வச்சிருக்காங்க. காலைலயே பாத்தேன். அவங்க பணத்தத் தொலைச்சிட்டு அவங்க ரசம் ஊத்திக்கிறாங்க. நான் இங்க மீன் வறுக்கறனே, எனக்கே வெக்கமா இருக்கு."

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அதுவரை அத்தையின் பார்வைக்கு அம்மா பயப்படுகிறார் என்று நினைத்திருந்தேன். பயம் பாதிதான். சுவருக்கு அந்தப் பக்கமும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு வீடும் ஒரே நிறுவனத்திடம் ஏமாந்து, ஒன்றுக்குத் தெரியாமல் ஒன்று ரசம் குடித்துக்கொண்டிருந்தன.

துணியை அடைத்தால் மட்டும் வஞ்சிர வாசனை நிற்குமா? அத்தை நடையில் வந்து நின்றார்.

"என்னம்மா, இன்னிக்கு விசேஷமா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். அம்மா கதவைத் திறந்தார். "எங்க அண்ணன் வந்திருக்காரு அண்ணி" என்று சொல்லிக்கொண்டே, இருந்ததில் பெரிய துண்டைத் தட்டில் வைத்து, மாமாவுக்குப் பரிமாறும் முன்பே அத்தையிடம் நீட்டினார்.

"நான் கேட்டேனா?" என்றார் அத்தை. தட்டையும் வாங்கிக்கொண்டார்.

மாமா ஊருக்குப் புறப்பட்டுப் போன பிறகு அம்மா அப்பாவிடம் வெடித்தார். அந்த வருடங்களில் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று மட்டும்தான். "பொறுப்புன்னு வாயால சொன்னது நீங்க. செய்யறது நான். எங்க அண்ணனுக்கு ஒரு துண்டு மீன் போட நான் திருடி மாதிரி கதவ அடைக்கணுமா?" அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு பாண்டி பஜாருக்குக் கணக்கு எழுதப் போய்விட்டார். அம்மா சிறிது நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து தோசைக்கல்லைத் தேய்த்தார். சொல்லித் தீர்த்தும் ஒன்றும் மாறவில்லை. அடுத்த மாதத் தவணை வந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியே வருடங்கள் ஓடின. அத்தை மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்தப் பந்தியில் எல்லாருக்கும் இரண்டாம் தடவை பாயசம் ஊற்றிக்கொண்டு போனது அம்மா. அதற்கும் பிறகுதான் கடன் முழுதும் அடைந்தது. கடைசித் தவணையை அப்பா அம்மாவின் கையில் கொடுத்து அனுப்பினார். அத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். "முடிஞ்சிடுச்சு அண்ணி" என்றார் அம்மா. "நான் கேட்டேனாம்மா?" என்று சொல்லும்போது அத்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு காலம் பேசாததைப் பேச இருவருக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

கடன் முடிந்ததும் அம்மா பறந்து போய்விடுவார் என்று நான் நினைத்தேன். அதற்குள் கே.கே. நகரில் வாடகை எங்கேயோ போய்விட்டது. எங்கள் படிப்புச் செலவு வேறு வந்து நின்றது. தம்பிக்கு வேலை கிடைத்த பிறகுதான் நங்கநல்லூரில் இந்த வீட்டுக்கு வந்தோம். தனி வாசல், அடுப்படிக்கு இரண்டு ஜன்னல். அப்பா இங்கே சில வருடங்கள் இருந்துவிட்டுப் போனார். கடைசிவரை யாருக்கும் எதற்கும் அவர் பொறுப்பு ஏற்கவில்லை.

இந்த வீட்டில் வஞ்சிரம் வாங்க யாரும் தடை சொல்லவில்லை. ஆனாலும் மீன் பொரிக்கும்போதெல்லாம் அம்மா இரண்டு ஜன்னலையும் சாத்திவிடுவார். "இங்க யாரும்மா இருக்காங்க?" என்று கத்துவேன். "பழகிடுச்சு, விடு" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். அம்மாவிடம் எனக்கு இருந்த ஒரே கோபம் அதுதான்.

போன வருடம் படுக்கையில் விழுந்த பிறகு அவருக்கு நினைவு முன்னும் பின்னுமாகப் போக ஆரம்பித்தது. ஒரு நாள், ஆசையாக ஒரு வாய் சாப்பிடட்டும் என்று வஞ்சிரம் வாங்கி வந்தேன். கல்லில் போட்டதும் உள்ளறையிலிருந்து பதறிக் கூப்பிட்டார்.

"ஜன்னல சாத்தினியா? அவங்க கூடத்துல இருக்காங்கடி."

அத்தை காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. எழுந்து போய் இரண்டு ஜன்னலையும் அவர் காதில் விழும்படி சாத்திவிட்டு வந்தேன். "சாத்திட்டேம்மா" என்றேன். அதன் பிறகுதான் அம்மா வாயைத் திறந்து ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டும். அம்மாவைக் கடைசி நாட்களில் தூக்கி உட்கார வைத்த எதிர்வீட்டுத் தம்பதிக்கு. இரவு பகல் பார்க்காமல் வந்த நர்ஸ் பெண்ணுக்கு. வாலாஜாபாத்திலிருந்து தள்ளாத வயதிலும் வந்து நின்ற மாமாவுக்கு. எல்லாருக்கும் மேலாக அத்தை மகளுக்கு. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் படித்துக் காட்டினேன்.  "எங்கம்மாவும் அப்ப மீனே வாங்கல. நாங்க வாங்கினா உங்கம்மா மனசு கஷ்டப்படும்னு சொல்வாங்க" என்றார். "அப்படியே போடு" என்று அனுமதியும் தந்தார். காரியங்களின் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டதும் அவர்தான். நாங்கள் கேட்கவில்லை.

இன்று படையலுக்கு வஞ்சிரம்தான். நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வந்திருக்கும். அடுப்படியின் இரண்டு ஜன்னலையும் விரியத் திறந்து வைத்துத்தான் பொரிக்கிறோம். கல்லருகே நானும் அத்தை மகளும் நிற்கிறோம்.

அம்மா, இன்றைக்கு மட்டும் சாத்தச் சொல்லாதே.